தொரைசாணியின் எடை

ஐம்பத்திரண்டு கிலோ என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு இன்றும் முதுகு சில்லிடும். சென்ற மாதம் பதுளையில் மருந்து வாங்கப் போன கடையில் சும்மா எடை பார்க்க ஏறினேன். முள் சரியாக அங்கே போய் நின்றது. இறங்கி, செருப்பைக் கழற்றி, கைப்பையையும் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். நான் மெலிய ஆசைப்படுகிறேன் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ஒரு டீச்சர் ஓர் எண்ணுக்குப் பயந்து செருப்பைக் கழற்றினாள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அது எங்கள் தோட்டத்துத் தொரைசாணியின் எடை. தோட்டத்தை நிர்வகிக்கிறவர் எங்களுக்குத் தொரை, அவர் மனைவி தொரைசாணி. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஒருநாள் வந்தவர், விளையாட்டாகத் தராசில் ஏறி நின்றாராம். ஐம்பத்திரண்டு என்று கணக்கப்பிள்ளை சத்தமாகப் படித்ததும் கூடை சுமந்து நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்களாம். அதைத் தொரை கடைசிவரை மறக்கவில்லை.

நான் பிறந்த வருடத்தில் அவர்கள் இருவரும் ஹப்புத்தளைக்குக் காரில் புறப்பட்டார்கள். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையில்லாத, பழைய இங்கிலீஸ் கார். ஹல்துமுல்லைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தை விட்டு மேலே ஏறும்போது, ஒரு வளைவில் இடப்பக்கப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் உடைந்து, கார் இழுத்துக்கொண்டு போய் மண்மேட்டில் மோதியது. தொரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அதன்பின் அந்தக் கார் தடித்த படங்குச் சீலை போர்த்திக் கிடந்தது. ஓய்வு பெற்ற தொரை, தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னப் பங்களாவில் தனியாக இருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அவர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார் என்பதால் விடுமுறை நாட்களில் நான் அப்பாவின் வால். அன்றும் கூடவே போனேன்.

"மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிடுறான். சித்திரையில போறேன்," என்றார் தொரை. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் இருந்தவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். "போறதுக்கு முன்ன ஹப்புத்தளை வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரணும். அன்னைக்குப் பாதியில நின்ன பயணம்."

படங்கை இழுத்தபோது தூசியோடு யூடிகொலோன் வாசனையும் எழுந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பழைய காலத்துக் குதிரை லாயம்தான் அந்தக் கார் கொட்டகை. சுற்றிலும் கண்ணாடி ஜன்னல் கிடையாது, பகலிலும் உள்ளே மாலை போலத்தான் இருக்கும். அப்பா முதலில் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, இஸ்டோர் இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனியை நினைத்துக் கும்பிட்டார். இங்கிலீஸ் காருக்கு ரோதமுனி பொறுப்பா என்று நான் கேட்டதற்கு, சக்கரம் இருந்தா அவருதான் என்றார்.

அந்தக் காரின் பின்பக்கத்தை இரண்டு ஸ்பிரிங்குகள் தாங்கின. ஒவ்வொன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து இரும்புப் பட்டைகள், வில் போல வளைந்திருக்கும். இடப்பக்கத்தில் நீளமான பட்டை இரண்டாக உடைந்திருந்தது. அதன் நுனியைத் தாங்கும் இரும்புக் காதும் துரு தின்று பிய்ந்து தொங்கியது. அப்பா வலப்பக்கத்தையும் கழற்றினார். உடையாத அதிலும் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. பண்டாரவளையில் லொறிகளுக்குப் பட்டை வளைத்துக் கொடுக்கும் பட்டறைக்கு எல்லாவற்றையும் உரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். சாக்கின் பாரத்தைப் பார்த்த கண்டக்டர், அதற்கும் ஒரு டிக்கட் எடுக்கச் சொன்னார்.

பட்டறைக்குப் போவதற்கு முன் தொரை ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்.

"இடது பக்கத்த ஒரு விரக்கட கூடுதலா ஒசத்தி வை. முன்ன இந்தக் கார் அப்படித்தான் இருந்துச்சு. தொரைசாணி ஏறினா சமமாயிரும். அம்பத்திரெண்டு கிலோ, ஞாபகம் வச்சுக்க."

அப்பா தலையைச் சொறிந்தார். "தொரை தனியா ஓட்டினா வலது பக்கம் சாஞ்சிருங்க. ஈர ரோட்டுல வளைவு வந்தா பின்சக்கரம் வழுக்கிரும். உசிருக்கே ஆபத்துங்க."

"நான் தனியா ஓட்டப் போறதில்ல," என்றார் தொரை.

அவர் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்வது போல. நான் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.  அந்த வளைவுகளை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அன்று தொரைசாணியைக் காரிலிருந்து தூக்கியவர்களில் அவரும் ஒருவர். இந்தத் தடவை தொரையையும் அப்படித் தூக்க வேண்டி வருமோ என்பதுதான் அவர் கவலை. அது அந்த வயதில் எனக்கே புரிந்தது.

வேலை மூன்று வாரம் நடந்தது. புதுப் பட்டைகள், பட்டை நுனிகளுக்குப் புது றப்பர் புஷ்கள், ஒட்டவைத்துப் பலப்படுத்திய இரும்புக் காது. எல்லாம் பூட்டியபின் ஒருநாள் தொரை ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அப்பா அந்தக் காரை வெளியே தள்ளி, அதன் முகத்தைத் திருப்பி, வாசலைப் பார்த்தபடி மறுபடி உள்ளே விட்டார். என்னையும் தள்ளச் சொன்னார். எதற்கு இந்த வீண்வேலை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் தொரை வந்து பின்னால் நின்று பார்த்தார். கார் இடப்பக்கம் உயர்ந்து நின்றது. அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

கடைசி முறுக்கு முறுக்க, காரை வாசலில் ஜக் வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டு, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் அப்பா. பாரம் ஏறாமல் முறுக்கினால் றப்பர் கிழிந்துவிடுமாம். தொரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்கு ஐம்பத்திரண்டு கிலோ வேண்டும். நான் இருபத்தேழு கிலோ. மீதி இருபத்தைந்துக்கு அரை மூட்டை உரத்தை என் மடியில் தூக்கி வைத்தார்கள். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை இருக்கையில் சாயும்வரைதான். தோல் உறை சில்லென்று இருந்தது. என்னைவிடப் பெரிய ஒருவர் நெடுநாள் உட்கார்ந்த பள்ளம் அதில் இருந்தது, நான் அதற்குள் வழுக்கி இறங்கினேன். அப்பா காருக்கு அடியில் இருந்து, ஜக்கை இறக்குவதாகச் சொன்னார். கார் மெல்லக் கீழே வந்தது. சமமாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. என் பக்கம் மட்டும் இன்னும் இறங்கியது, எனக்கும் மூட்டைக்கும் மேலே வேறு யாரோ வந்து உட்கார்ந்தது போல. என் தோள் கதவில் போய் இடித்தது.

தொரைக்கும் அது தெரிந்தது. 

"சரியா இருக்குங்களா தொரை?" என்று அடியிலிருந்து அப்பா கேட்டார்.

தொரை முகத்தை என் பக்கம் திருப்பி, யாரும் என்னிடம் அதுவரை பேசாத ஒரு மென்மையான குரலில், "கால் வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க தொரை," என்றேன்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்தது. அவர் கேட்டது என்னை அல்ல. மூட்டை மடியில் இருந்ததால் எழுந்து ஓடவும் முடியாமல், அப்பா முறுக்கி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். நான் கணக்கு டீச்சரானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொரை ஹப்புத்தளைக்குப் புறப்பட்டார். புறப்படும்போது முதலில் இடப்பக்கக் கதவைத் திறந்து, சற்று நேரம் காத்திருந்து, சத்தமில்லாமல் மூடினாராம். பங்களாச் சமையற்காரர் பார்த்துச் சொன்னது. நான் பாதைக்கு மேலே இருந்த தேயிலைச் சரிவில் போய் நின்றுகொண்டேன். நடு மத்தியானம். ஆனால் மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்து, பாதையில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. முதலில் சத்தம் வந்தது. பிறகு கார் வந்தது.

தொரை மட்டும்தான் இருந்தார். அவர் சிரித்துப் பேசிக்கொண்டே ஓட்டினார், இடது கை பக்கத்து இருக்கையின் மேல் இருந்தது. கார் என்னைத் தாண்டியதும் நான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் உயரவில்லை, வலப்பக்கம் சாயவில்லை. கோடு போட்டது போல மட்டமாகப் போனது. யாராவது ஏறினால்தான் சமமாகும் என்று தொரை சொன்ன கார் அது. அப்படியானால் யாரோ ஏறியிருக்கிறார்கள்.

நான் ஓடினேன். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடி, எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு வந்து அப்பாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "கார் சமமாப் போகுதுப்பா. தொரைசாணி உக்காந்திருக்காங்க."

அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிக்கொண்டார். பேய் என்றதும் அப்பாவே பயந்துவிட்டார் என்று எனக்குள் ஒரு பெருமிதம். "தொரை அதப் பார்த்திருப்பாரா?" என்று மட்டும் கேட்டார். பார்க்காமல் எப்படி இருப்பார் என்றேன்.

தொரை அன்று பத்திரமாகத் திரும்பி வந்தார். ஆனால் சித்திரையில் ஆஸ்திரேலியா போகவில்லை. அதற்கு முந்தின மாதம் வரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், மகனிடம் தொலைபேசியில், "அவ இங்கதான் இருக்கா, விட்டுட்டு எப்படி வர்றது?" என்று சொல்லிவிட்டாராம். செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. மலைக்குப் போகும் பெண்கள் அந்தக் கார் வந்தால் அதன் இடப்பக்கம் வராமல் விலகி நின்றார்கள். உயிரோடு இருந்தபோது தொரைசாணியின் ஏச்சுக்குப் பயந்தவர்கள், இப்போது அந்த வளைவு மண்மேட்டில் செவ்வந்திப் பூ வைத்தார்கள். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவள் என்ற வகையில் எனக்கு லயத்தில் நல்ல மதிப்பு.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காரில் போய் வந்தார். ஒரு கீறல் விழவில்லை. அவர் திரும்பும் நேரம் பார்த்து அப்பாவும் பங்களாவுக்குப் போய்விடுவார். எதற்கு என்று அம்மா கேட்டால், கார் எப்படி இருக்கிறது என்று பார்க்க என்பார். தொரை கொடுத்தனுப்பும் கிறீம் பிஸ்கட்டுக்காகத்தான் போகிறார் என்பது என் முடிவு. சில நாள் அவர் பிஸ்கட்டும் கொண்டுவராமல், யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வார். தொரைக்கு முழங்கால் வீங்கி, காது மந்தமாகி, சமையற்காரரும் நின்றுபோன பிறகும் அப்பா போவதை நிறுத்தவில்லை. மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, நாற்காலியிலேயே இறந்து கிடந்த தொரையை முதலில் பார்த்ததும் அவர்தான். அப்போது தொரை இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தனியாக, பக்கத்தில் ஒரு மனிதர் இல்லாமல். அப்பா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன், ஒரு தொரைக்காக இப்படி அழுவார்களா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மகன் வந்து காரியங்களை முடித்து, காரைக் கொழும்பில் யாருக்கோ விற்றுவிட்டார். லொறியில் ஏற்றுவதற்காகக் காரைப் பெரட்டுக்களத்துக்குத் தள்ளி வந்தார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்த இடம்தான் எங்கள் தோட்டத்திலேயே மட்டமான தரை. மற்றதெல்லாம் சரிவு. குதிரை லாயத்துத் தரையும் நீர் வடிவதற்காக ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டியதுதான்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆளில்லாத காரின் பின்னால் போய் நின்றேன். ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது இடப்பக்கம் அல்ல, வலப்பக்கம். குனிந்து பார்த்தேன். இடப்பக்கத்தில் ஐந்து பட்டை, வலப்பக்கத்தில் ஆறு. தொரை உட்காரும் பக்கத்தில் ஒரு பட்டை கூடுதல். அவர் மட்டும் ஏறினால் கார் மட்டமாகும். பக்கத்தில் இருபத்தேழு கிலோவும் ஒரு மூட்டையும் ஏறினால், அந்தப் பக்கம் அமிழ்ந்துதான் போகும். கொட்டகைக்குள் காரைத் திருப்பி விட்டதற்கும் அர்த்தம் விளங்கியது. தரைச் சரிவுதான் அன்று இடப்பக்கத்தை உயர்த்திக் காட்டியிருக்கிறது.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். நான் எதைப் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஓட்டப் போறது ஒரு ஆளு," என்றார் மெதுவாக. "ஒரு ஆளுக்குத்தான் பட்டை போட முடியும். இல்லாட்டி முதல் வளைவுலயே போயிருப்பாரு. சமமாப் போறதப் பார்த்து அந்த மனுசன் அப்படி நெனைச்சுக்குவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லொறியில் பலகை சாத்தி, நாலு பேர் காரைப் பிடித்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"அப்ப தொரைகிட்ட நீங்க சொல்லவே இல்லையாப்பா?"

"சொல்லத்தான், பாப்பா, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போனேன்," என்றார் அப்பா.