பலகை விளிம்பில் வைத்த துப்பாக்கி

மர ஆலையில் வெர்னா கங்காஸின் வேலை பலகைக்குத் தரம் போடுவது. சங்கிலியில் நகர்ந்து வரும் மேப்பிள் பலகையைப் புரட்டுவாள், இரண்டு முகத்தையும் பார்ப்பாள், சுண்ணக்கட்டியால் குறி போடுவாள். அதற்குள் அடுத்த பலகை வந்து நிற்கும். நல்ல முகத்தை வைத்துத் தரம் போடக்கூடாது, மோசமான முகத்தை வைத்துத்தான் போடவேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். ஒரு பக்கம் கண்ணாடியாக மின்னினாலும் மறுபக்கம் வெடித்திருந்தால் அது வெடித்த பலகைதான். கல்யாணத்துக்கு முன்பே அந்த வேலையில் சேர்ந்தவள் இப்போது அறுபதை நெருங்குகிறாள். கடையில் உருளைக்கிழங்கு வாங்கினால்கூட ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் பைக்குள் போடுவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான், "உனக்குக் கண்ணு போயிருச்சு" என்று சொன்னார்கள்.

சொன்னவர் ரெய்னோ. செத்துப்போன அவள் கணவன் ஆர்விட்டின் அண்ணன். சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்பின் ஓரத்தில் கங்காஸ் குடும்பத்துக்கு ஒரு வேட்டைக் குடிசை உண்டு. நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை திறக்கும்போது யார் எந்தப் பரணில் உட்காருவது என்று அவர்தான் முடிவு செய்வார். ஆர்விட்டின் பரண் மட்டும் அந்தக் கணக்கில் வராமல் இருந்தது. வெர்னா தரம் பார்த்துக் கழித்துப்போட்ட பலகைகளை வாங்கிவந்து ஆர்விட் தன் கையால் அடித்த பரண் அது. நாலு பக்கமும் சுவர், முன்னால் ஒரு ஜன்னல், துப்பாக்கியைத் தாங்க ஜன்னலுக்கு ஒரு மேப்பிள் விளிம்பு. அவன் போன பிறகு அவள்தான் அதில் உட்கார்ந்துவந்தாள்.

போன வருடம் அந்த ஜன்னலிலிருந்து அவள் ஒரு கொம்பு மானைச் சுட்டாள். மான் இடப்பக்கம் பார்த்து அசையாமல் நின்றது. தோளுக்குப் பின்னால் குறி வைத்து, மூச்சை விட்டு, விசையை அழுத்தினாள். குண்டு வலப்பக்கம் தள்ளி வயிற்றில் பாய்ந்தது. இருட்டும்வரை சதுப்புக்குள் ரத்தத்தைத் தேடிப் போனாள். மறுநாளும் போனாள். கடைசியில் அண்டங்காக்கைகள்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தன.

அன்றைக்குக் குடிசையில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்த அக்டோபரில் ரெய்னோ அவள் வீட்டுக்கே வந்து, காபியைக் குடித்துக்கொண்டே சாவதானமாகச் சொன்னார்: "இந்த வருஷம் ஆர்விட்டோட பரண்ல கிரெய்க் உக்காரட்டும்மா. கண்ணு போயிருச்சு உனக்கு, அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. நீ குடிசையில அடுப்பைப் பாத்துக்கோ. உன்னை மாதிரி பாஸ்டி சுட யாரால முடியும்?"

கிரெய்க் அவருடைய மருமகன். கறியும் கிழங்கும் அடைத்த பாஸ்டியைத் தின்பதில் சூரன்.

ரெய்னோ போன பிறகு வெர்னா கோப்பையைக் கழுவி வைத்தாள், பிறகு அதையே எடுத்து இன்னொரு தடவை கழுவினாள். ஒரு வகையில் அவர் சொன்னதை அவளே நம்பியிருந்தாள் என்பதுதான் கொடுமை. ஏனென்றால் துப்பாக்கியில் குற்றம் இல்லை என்று அவளே பார்த்தாகிவிட்டது.

அது ஒரு மலிவு ரகத் துப்பாக்கி. ஊர் இரும்புக்கடையில், குடிசைக் கூட்டாளி டேல் ட்ரெவாரோ தள்ளுபடியில் விற்றது, மேலே குறிபார்க்கும் ஸ்கோப்பும் மாட்டிக் கொடுத்தது. குடிசையில் எல்லோரும் அதையே வாங்கியிருந்தார்கள். வெர்னா அதைப் பலகை பார்ப்பதுபோல் பார்த்தாள். தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்தால் மணல் அரைபடுவது போலச் சத்தம் வரும், ஆனால் மாட்டிக்கொள்ளாது. அடியில் மாட்டிய தோட்டாப் பெட்டி கடகடவென்று ஆடும், ஆனால் ஊட்டத் தவறாது. விசை விலைக்கு மீறிய நயம். குழல்தான் அதிசயம், மூன்று மடங்கு விலைத் துப்பாக்கியின் குழலோடு போட்டிக்கு நிற்கும். கோடை முழுக்க ஊருக்கு வெளியே சரளைக் குழியில் மணல் மூட்டைமேல் வைத்து, குழலை ஆறவிட்டு ஆறவிட்டுப் பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டாள். பத்தும் உள்ளங்கைக்குள் அடங்கின.

மற்றவர்கள் பத்து சுடுவதில்லை. மூன்று சுடுவார்கள். மூன்றில் ஒன்று விலகினால், "அது நான், துப்பாக்கி இல்ல" என்று அதைக் கழித்துவிடுவார்கள். என்றைக்காவது மூன்றும் ஒரே காசுக்குள் விழுந்துவிட்டால் அந்தக் குறித்தாளை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளை படம் காட்டுவதுபோல் ஊரெல்லாம் காட்டுவார்கள். வெர்னாவுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நல்ல முகத்தை மட்டும் பார்த்துத் தரம் போடுகிற வேலை அது.

ஆனால் அந்தக் கோபத்தோடேயே அவள் ஒன்றைக் கவனித்தாள். தானும் ஒரே முகத்தைத்தான் பார்த்திருக்கிறோம். மணல் மூட்டை தாங்குவது துப்பாக்கியின் நடுவில், தோட்டாப் பெட்டிக்குப் பக்கத்தில். பரணில் இடம் நெருக்கடி. அங்கே ஜன்னல் விளிம்பில் துப்பாக்கியின் மூக்குப்பக்கம்தான் உட்காரும். மறுநாள் ஆலையிலிருந்து ஒரு மேப்பிள் பலகையை எடுத்துக்கொண்டு சரளைக் குழிக்குப் போனாள். பரண் ஜன்னலின் உயரத்தில் அதை நிறுத்தி, குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டையின் நுனியை அதன்மேல் வைத்துச் சுட்டாள்.

குண்டுகள் வலப்பக்கம் போயின. ஒன்றில்லை, பத்தும். சிதறாமல், சேர்ந்தாற்போல், ஒரு கை அகலம் வலப்பக்கம்.

அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை. பலகையை ஓங்கி ஓர் உதை விட்டாள். ஒரு வருடமாகத் தன் கண்ணையும் கையையும் தானே சபித்துக்கொண்டிருந்ததற்காக.

வேட்டை திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை குடிசைக்காரர்கள் எல்லோரும் சரளைக் குழியில் கூடித் துப்பாக்கியைச் சரிபார்ப்பது வழக்கம். வெர்னா பலகையோடு போய் இறங்கினாள்.

"என்ன வெர்னா, பாஸ்டி உருட்டப் பலகையா?" என்றான் டேல்.

"உன் நாக்கை இதுல வச்சு ஆணி அடிக்கத்தான். தள்ளு."

நேரே ரெய்னோவிடம் போனாள். "உங்க துப்பாக்கியும் என்னோடதும் ஒரே ரகம்தானே? இந்தக் காட்டுல உங்க கைதான் நிதானம்னு எல்லாரும் சொல்றாங்க. மூட்டைமேல வச்சு மூணு சுடுங்க. அப்புறம் இந்தப் பலகைமேல வச்சு மூணு."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"எனக்குக் கண்ணு போயிருச்சுல்ல? உங்க கண்ணை வச்சுப் பாப்போம்."

கிரெய்க் சிரித்தான். ரெய்னோ சிரிக்கவில்லை. மூட்டைமேல் வைத்து மூன்று சுட்டார். ஸ்கோப்பில் பார்த்த டேல், மூன்றும் ஒரே காசுக்குள் என்று சீட்டியடித்தான். பிறகு துப்பாக்கியைப் பலகைக்கு மாற்றி, முன்கட்டை நுனியை விளிம்பில் அழுத்தி, ஒன்று சுட்டார்.

"வலப்பக்கம் போயிருச்சு பெரியவரே," என்றான் டேல்.

"அது நான். விசையை இழுத்துட்டேன்."

இரண்டாவதும் அதற்குப் பக்கத்திலேயே போய் விழுந்தது.

"அதுவும் நான்தான்."

மூன்றாவதும் அங்கேயே. ரெய்னோ வாயைத் திறப்பதற்குள் வெர்னா வெடித்தாள்.

"அதுவும் நீங்களா? எல்லாம் நீங்கதான்னா துப்பாக்கி எதுக்கு, கையை நீட்டி டுமீல்னு கத்திட்டுப் போகலாமே!"

பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்தாள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நோட்டு ஓடுகிறதா என்று பார்ப்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பழைய சோதனைதான். நோட்டு ஓடினால் குழல் எதையும் தொடாமல் நிற்கிறது, துப்பாக்கி நம்பலாம் என்று அர்த்தம். டேல் ஒவ்வொருவருக்கும் கடையில் அதைச் செய்துகாட்டித்தான் விற்றிருந்தான். வெர்னா ரெய்னோவின் துப்பாக்கியைக் கையில் தூக்கிப் பிடித்து நோட்டை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இப்படித்தானே காட்டினே டேல்? கையில தூக்கி வச்சு?"

"வேற எப்படிக் காட்டுவாங்க?"

நுனியைப் பலகைமேல் வைத்தாள். சுடும்போது சாய்வதுபோல் சாய்ந்தாள். "கிரெய்க், இப்ப நோட்டை இழு."

கிரெய்க் இழுத்தான். வரவில்லை. வெடுக்கென்று இழுத்ததில் பாதி நோட்டு கையோடு வந்தது.

"பிளாஸ்டிக் கட்டை," என்றாள் வெர்னா. "நுனியில பாரம் ஏறினா மேல வளைஞ்சு இடப்பக்கமா குழலைத் தொடுது. தொட்டா குண்டை வலப்பக்கம் தள்ளிவிடுது. மூட்டைமேல வச்சா ஒண்ணும் தெரியாது. நாம யாராவது பரண்ல மூட்டை வச்சுச் சுடறோமா?"

டேலுக்கு முகம் சிவந்தது. "இந்த விலைக்கு வேற என்ன எதிர்பாக்கறே? குழல் நல்ல குழல்."

"நல்ல குழல்தான். யாரு இல்லேன்னா? நாளைக்கு ஒருத்தன் என்னைக் கேட்டாலும் வாங்குன்னுதான் சொல்லுவேன். ஒரு குச்சியில உப்புத்தாளைச் சுத்தி உள்பக்கம் தேய்ச்சா சரியாப் போற விஷயம். ஆனா எந்த இடத்துல பொய் சொல்லும்னு சொல்லி விக்கணும். நீ பாதிப் பலகையைக் காட்டி முழுப் பலகையை வித்திருக்கே."

ரெய்னோ தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "சரி. அப்ப ஆர்விட் பரண் உனக்குத்தான்."

அங்கேதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் சூடு மட்டும்தான்.

"எனக்குத்தான்னு நீங்க என்ன சொல்றது? அது என்னோடது. ரெண்டு வருஷம் முன்னாடி டேல் இதே துப்பாக்கியில மானைத் தவறவிட்டான். அன்னிக்கு என்ன சொன்னீங்க? ஸ்கோப்பு அசைஞ்சிருச்சுன்னீங்க. உங்க தம்பி ஒரு தடவை விட்டார், காத்துன்னீங்க. நான் விட்டா மட்டும் கண்ணா? ஒருத்தராவது என் துப்பாக்கியைக் கையில எடுத்துப் பாத்தீங்களா? எடுத்தா அடுப்புக்கு ஆள் கிடைக்காம போயிருமோ?"

கிரெய்க் கையிலிருந்த பாதி நோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"இந்த வருஷம் பாஸ்டி கிடையாது," என்று சொல்லிவிட்டுப் பலகையை வண்டியில் ஏற்றினாள். "உப்புத்தாள் டேல் கடையிலதான் இருக்கு. அவங்கவங்க துப்பாக்கியை அவங்கவங்க தேய்ச்சுக்குங்க. நான் யாருக்கும் தேய்க்கமாட்டேன்."

பதினைந்தாம் தேதி விடியும்போது அவள் ஆர்விட்டின் பரணில் இருந்தாள். மெல்லிய பனி தூவியிருந்தது. முன்கட்டையின் உள்பக்கத்தைத் தேய்த்துக் குழலுக்கு நன்றாக இடைவெளி விட்டிருந்தாள். இருந்தும் அதை நம்பாமல், மடித்த சாக்கை விளிம்பில் போட்டு, துப்பாக்கியை முன்னே தள்ளித் தோட்டாப் பெட்டிக்கு அருகில் தாங்கக் கொடுத்திருந்தாள். சதுப்பின் ஓரத்தில் இரண்டு பெண்மான்கள் வந்து மேய்ந்தன. அவற்றுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே, ஒரு கொம்பு அசைவது தெரிந்தது. வெளியே வந்தால் கைக்கெட்டிய தூரம்தான். கட்டைவிரலைத் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டுமேல் வைத்துக் காத்திருந்தாள்.

அப்போது கிழக்கே, கிரெய்க்குக்குக் கொடுத்த வேறு பரணின் பக்கம், ஒரு வெடி கேட்டது. உடனே இன்னொன்று. சற்று விட்டு இன்னொன்று.

பெண்மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. கொம்பும் மறைந்தது. வெர்னா அசையாமல் உட்கார்ந்து காதைத் தீட்டினாள். நன்றாக விழுந்த மானுக்கு மூன்று வெடி தேவையில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு தோட்டாவை வெளியே எடுத்தாள். ஏணியில் இறங்கினாள். போன வருடம் தான் சுட்ட மான் சதுப்புக்குள் கிடந்த கோலம் கண்முன் நின்றது. இதைத் தேடாமல் விட அவளால் ஆகாது, சுட்டவன் யாராக இருந்தாலும்.

கிரெய்க் தன் பரணுக்குக் கீழே நின்று ஸ்கோப்பை முறுக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும், "ஸ்கோப்பு எங்கியோ இடிபட்டிருக்கு போல," என்றான்.

"முன்கட்டையைத் தேய்ச்சியா?"

"நேரமே கிடைக்கல."

அறைந்துவிடலாம் என்று கை துடித்தது. அந்தக் கையால் பனியைச் சுட்டிக் கேட்டாள்:

"எங்க நின்னுச்சு?"

அவன் காட்டினான். அங்கே பனியில் ரத்தம் சிந்தியிருந்தது, கூடவே பச்சையாக வயிற்றுச் சாறு. வெர்னா குனிந்து பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

"துப்பாக்கியை இங்கியே வச்சிட்டு வா," என்றாள். "என்னோடது போதும்."

அவன் தயங்கினான். அவள் அதற்குள் சதுப்புக்குள் இறங்கியிருந்தாள்.