காணாமல் போன கடைசிப் படி

போன வருஷம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படியை ஒழித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பெண் வீடியோ காலில் வந்தாள். கடலோரப் பாதையில் தனியாக நடக்கக் கிளம்பியிருக்கிறாளாம். அந்தக் காலத்தில் சாராயம் கடத்தியவர்கள் பீப்பாய்களை ஒளித்து வைத்த குகைகளைப் பார்க்கப் போகிறாளாம். பார்க்க வேறு இடமா கிடைக்கவில்லை!

பாதையிலிருந்து, பாறையில் வெட்டிய படிகள் வழியாக மணலில் இறங்கினாள். குகை வாசலில் நின்று உள்ளே இருப்பதையெல்லாம் ஆசை ஆசையாகக் காட்டினாள். அப்புறம் கடலுக்கும் ஓரத்தில் இருந்த அந்தப் படிகளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு என்னோடு பேச ஆரம்பித்தாள்.

ஆடி வந்தால் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரி எத்தனை படி ஏறியிருக்கிறது என்பதுதான் எங்கள் ஊர்ப் பேச்சே. அந்தப் பழக்கத்தில் என் கண் அவள் தோளுக்குப் பின்னால் போனது. அவள் இறங்கி வந்த கடைசிப் படியைக் காணோம். மணலையும் காணோம்.

"அடியே, பின்னாடி தண்ணி ஏறறது! மேல போ!"

"அலைம்மா, வந்துட்டுப் போயிடும். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!"

"போடின்னா போ!"

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் திரும்பிப் பார்த்து "ஐயோ" என்றாள். அதோடு போன் கட்டாகிவிட்டது.

அடித்தேன், அடித்தேன், எடுக்கவே இல்லை. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ரங்கா, ரங்கா என்று கூடத்துக்கும் வாசலுக்கும் அலைந்தேன். "சிக்னல் இருக்காது, சும்மா இரேன்" என்றார் என் கணவர். வந்த கோபத்தில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார். எங்கே போவதாக நினைத்தாரோ பாவம்!

ஒருவழியாக போன் அடித்தது. யாருடைய ஜாக்கெட்டையோ போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள். அங்கே அது கடல் ஏறுகிற நேரமாம்; படிக்கு வருவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டதாம். மேலே நாயோடு நடந்துபோன ஒரு பெண்மணி ஓடி இறங்கிக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாளாம். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும். "நீ கத்தலேன்னா நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேம்மா" என்று என் பெண் அழுதாள். நானும் அழுதேன்.

இப்போதும் தினம் பேசுகிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று என் வாய் கேட்டுக்கொண்டிருக்கும். கண் மட்டும் அவள் முகத்தில் நிற்காமல், அவளுக்குப் பின்னால் என்ன வருகிறது என்றே பார்த்துக்கொண்டிருக்கும்.