கலீல் பாய் பூத்தில் ஒரு வாரச் செய்தி

ஞாயிறு காலையானால் என் செல்போனில் ஒரு மின்னஞ்சல் வந்து விழும். இந்த வாரம் நான் படித்தாக வேண்டிய கட்டுரைகள் என்று தொழில்நுட்பம், வணிகம், நாட்டு நடப்பு எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கி யாரோ அனுப்புகிறார்கள். யார் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள், என்றைக்கோ ஏதோ ஒரு பொத்தானை நான்தான் அமுக்கியிருப்பேன். தலைப்புகளைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொள்வது வழக்கம். போன வாரம் மட்டும் காப்பி ஆறிப்போனது. செல்போன் கட்டணம் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அதைப் பார்த்ததும் ஈரப் பேப்பர் வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

மரக்காணத்தில் பேப்பர்கூட மொறுமொறுப்பாக இருக்காது. உப்பளக் காற்றுப் பட்டு மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி நமத்துவிடும். ஒரு வாரம் சேர்த்து வைத்த பேப்பர் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படிச் சேர்த்து வைத்தவர் கலீல் பாய். பல வருடம் சவூதியில் இருந்துவிட்டு, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் போட்டிருந்தார். சம்பாதித்ததெல்லாம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் இருந்தது. மகள் ரிஸ்வானா அவரை முதலில் 'அங்கிள்' என்றுதான் கூப்பிட்டாளாம். 'அத்தா' என்று கூப்பிட வைக்கப் பாடாய்ப் பட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார், எனக்குத்தான் சிரிப்பு வந்ததில்லை.

நான் அப்போது ஒரு உப்பு வியாபாரியிடம் வேலையில் இருந்தேன். லாரி கிளம்பிவிட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல பூத்துக்கு ஓடுவேன். வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். சவூதியில் அன்றைக்கு லீவு, புருஷன்மார்களின் போன் வருமென்று பெண்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பாய் ஜும்மா முடிந்து வந்ததும் ஒரு வாரப் பேப்பரையும் எடுத்து வைத்து உரக்கப் படிப்பார். சினிமா, கொலை, கொள்ளை கிடையாது. கம்ப்யூட்டர், வியாபாரம், நாட்டு நடப்பு, அவ்வளவுதான். பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர் ஒருவர் கொண்டுவந்து போடும் இங்கிலீஷ் பேப்பர் என் தலையில் விழும். பி.காம். படித்தவன் என்கிற மரியாதை. பங்குச் சந்தையை நான் விளக்கி முடித்ததும் ஒரு அம்மா, "அந்த பம்பாய் சந்தை எந்தக் கெழமைல கூடும் தம்பி?" என்று கேட்டார். என் விளக்கம் அத்தனை தெளிவு.

சுனாமி வந்த வாரம் மட்டும் படிப்பு இல்லை. அந்த வாரப் பேப்பரில் நாங்களே இருந்தோம். "உசுரோட இருக்கோம்னு சொல்லுங்க, காசு அப்புறம் பாத்துக்கலாம்" என்று பாய் வந்தவர்கள் கையிலெல்லாம் ரிசீவரைத் திணித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த செய்தியெல்லாம் எனக்கு ஒரே செய்தியாகத்தான் தோன்றுகிறது. செல்போன் விலை குறைகிறது, பேசும் கட்டணம் குறைகிறது, குக்கிராமத்துக்கும் டவர் வருகிறது. பாய் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி ரசித்துப் படிப்பார். "இன்னும் கொஞ்ச நாளுதான். சோறு வடிச்சிக்கினே சவூதிக்குப் பேசலாம்." பெண்களுக்குச் சந்தோஷம் தாங்காது. ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

"அப்புறம் இங்க யாரு பாய் வருவாங்க?"

"எனக்குத் தெரியாதா தம்பி? கைக்கொழந்தையத் தூக்கிக்கினு வெயில்ல வந்து குந்தியிருக்காங்க. அவங்களுக்கு நல்லதுதானே? படிக்காம மறைக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டு மீதிப் பேப்பரை என்னிடம் தள்ளினார். அன்றைக்கு அவர் மேற்கொண்டு படிக்கவில்லை.

பெஞ்சில் இடம் கிடைக்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அதில் ஆள் படுத்தே தூங்கலாம் என்றானது. கேட்பதற்கு நான் ஒருவன்தான் என்றாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் படித்தார். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். ரிஸ்வானா அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது பூத் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாய் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தாடி முழுக்க நரைத்திருந்தது. ரிஸ்வானாவைக் கிளியனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் பேப்பர் எதுவும் கண்ணில் படவில்லை.

"பேப்பர் வாங்குறதில்லையா பாய்?"

"நிறுத்திட்டேன். ரெண்டு வருஷம் புள்ளையோட வீட்ல இருந்தேன் தம்பி. வாரா வாரம் அதைப் படிச்சுப் படிச்சு, எப்ப கெளம்பணுமோ எப்ப கெளம்பணுமோன்னே அந்த ரெண்டு வருஷத்தையும் ஓட்டிட்டேன்."

"படிக்கலைன்னாலும் பூத்து போயிருக்கும் பாய்."

"போயிருக்கும்" என்றார். "அது போற வரைக்குமாவது நான் இங்க இருந்திருப்பேன்ல?"