மைக்கில் சொன்ன கேசட்டு

யட்டியாந்தோட்டைக்கு மேலே றப்பர் மலையில் பால் வெட்டுகிற ஜெயம்மாவுக்குப் பாட்டு தானாக வரும். ஒரு மரத்தில் கத்தியை எடுத்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் ஒரு வரி வந்துவிடும். அதை வாயில் போட்டுக்கொண்டே வரிசையை முடிப்பாள். யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷத்து மாரியம்மன் திருவிழாவில்தான் வாயைக் கொடுத்தாள். கரகத்துக்கு முன்னால் ஒரு பாட்டைப் பாடி முடித்ததும், மைக் வைத்திருந்த தோட்டத் தலைவர் கன்னையா, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். சனம் கை தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டலில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அடுத்த திருவிழாவுக்குள்ள, நானே மெட்டுக் கட்டுன பாட்டையெல்லாம் கேசட்டுல போட்டுக் காட்டுறேங்க."

அந்தத் தோட்டத்தில் நேர்த்தி வைக்கிறவர்கள் கரகத்தின் முன்னால் நின்று மைக்கில் சொல்ல வேண்டும். தீ மிதிக்கிறேன், பால்குடம் எடுக்கிறேன் என்று சொன்னதும் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். நேர்த்தி முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. விரதத்தால் அரைமயக்கத்தில் நின்ற பூசாரி, 'அடுத்த திருவிழா' என்பது காதில் விழுந்ததுமே வந்து அவள் கையிலும் கட்டிவிட்டார். இது அதில்லை சாமி என்று சொல்ல நினைத்தாள். இத்தனை பேர் பார்க்கும்போது எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் கங்காணி, கேசட்டு எப்போது வரும் என்று கேட்டார். பால் அளக்கிற சிங்கள மாத்தையா, "கெசட் எக கோ, ஜெயம்மா?" என்றார். சிங்களத்திலும் அதே கேள்விதான். ஒருத்தி தன் மகள் பேரைப் பாட்டில் சேர்க்கச் சொல்லி அவள் லயத்து வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் பிரியமாகத்தான் கேட்டார்கள். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

பாட்டு நின்றுபோனது. கத்தியை வைத்தால் பட்டை மட்டும்தான் தெரிந்தது. எப்போதாவது ஒரு வரி எட்டிப் பார்க்கும். கேசட்டுக்கு இது ஆகுமா என்று நினைப்பாள், அதற்குள் அது போய்விடும். கயிறு பால் பட்டுப் பட்டுக் கறுத்து, றப்பர் வளையல் போலக் கெட்டியானது.

அடுத்த திருவிழாவும் வந்து போனது. அந்த வைகாசியில் பிடித்த மழை விடவில்லை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. முதலில் வானத்தைத் திட்டியவர்கள் பிறகு ஜெயம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். பக்கத்து வரிசையில் வெட்டுகிற சசிகூட அவளோடு சேர்ந்து நடப்பதை விட்டுவிட்டாள்.

"அம்மாளுக்குச் சொன்னத முடிச்சிருக்கலாம்லக்கா?" என்றாள் ஒரு நாள். "எங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல."

ஜெயம்மா பஸ் ஏறி, கடைத்தெருவில் கேசட்டுப் பதிந்து விற்கிற பளீல் நானாவிடம் போனாள். பளீல் டேப்பில் கேசட்டைப் போட்டுப் பாடச் சொன்னார். பழைய பாட்டுகளையாவது பாடலாம் என்று வாயைத் திறந்தாள். மலையில் வந்ததெல்லாம் மலையிலேயே போயிருந்தது. இரண்டு வரிக்கு மேல் எதுவும் நிற்கவில்லை. அவர் பட்டனை அமுக்கி நிறுத்தினார்.

"பாடி வெச்சிட்டுச் செல்லியிருக்கலாமே, தங்கச்சி?"

"சொல்லிட்டா வந்துரும்னு நெனச்சேன், நானா."

பளீல் சிரிக்கவில்லை. "நானும் மொதல்ல கடைக்குப் போர்டு மாட்டினேன், பொறகுதான் சாமான் வாங்கினேன். எனக்குச் சரி வந்திச்சு. அதுக்கெண்டு எல்லாருக்கும் சரி வருமா?"

அவள் ஒரு வெற்றுக் கேசட்டை வாங்கிக்கொண்டு திரும்பினாள். இந்த நேர்த்தியை எப்படி முடிப்பது என்று கோயில் கமிட்டி கூடியது. கன்னையாதான் வழி சொன்னார்.

"கால் வலின்னு நேந்துகிட்டவன் வெள்ளியில கால் செஞ்சுதானே போடுறான்? சொந்தக் கால வெட்டியா வைக்கிறான்? கேசட்டுன்னா கேசட்டு. வெறுங் கேசட்டே போதும்."

வெற்றிலை, தேங்காய், பழத்தோடு கேசட்டையும் தட்டில் வைத்து அம்மாள் காலடியில் வைத்தாள். பூசாரி கத்தியால்தான் கயிற்றை அறுக்க வேண்டியிருந்தது. அடியில் தோல் வெளுத்துக் கிடந்தது. மழை தன் பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் பெய்து நின்றது.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கங்காணி அன்றைக்கு வெட்ட வேண்டிய மலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாத்தையா வாளியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்தாலும், முதல் சில நாட்கள் பால் ஸ்டோரில் அவள் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள்.

மறு திருவிழாவில் ஒலிபெருக்கி அம்மன் பாட்டாகப் போட்டது. கமிட்டிக்காரர்கள் அந்த வெற்றுக் கேசட்டை வீணாக்குவானேன் என்று பளீலிடம் கொடுத்துப் பதிந்து வாங்கியிருந்தார்கள். ஜெயம்மாவின் கேசட்டு பாடுகிறது என்று சனம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

பிறகொரு காலையில், வளைந்த மரமொன்றில் கத்தியை எடுக்கும்போது ஒரு வரி வந்தது. சின்ன வரிதான். உதடு அசைந்திருக்க வேண்டும்.

"என்னக்கா, பாட்டா?" என்றாள் அடுத்த வரிசையிலிருந்து சசி.

"சளி. தொண்டையச் செருமுனேன்."

பால் வடிகிற சிரட்டையைக் கம்பியில் நேராக வைத்தாள். சசி வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்வரை அந்த வரியை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு, அடுத்த மரத்துக்குப் போனாள்.