நூற்றிருபத்தாறு மாத்திரைகள்

என் மனைவி நிமிடத்துக்குப் பதினாறு முறை மூச்சு விடுகிறவள். மதியம் சாப்பிட்டுப் பாயில் சாய்ந்ததும் தூங்கிவிடுவாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். அவளுடைய சிறுநீரகங்கள் சுருங்கிவிட்டன என்று போடியில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்தப் பழக்கம். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை முப்பத்தாறு.

தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெறும் இளைப்பு என்றால் எனக்குத் தெரியும்; இது அப்படி இல்லை. மூட்டையோடு மலையேறி வந்தவளைப் போல, அடிவயிறு வரை இழுத்து இழுத்து விட்டாள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கழிப்பறைக்கும் பாய்க்கும் தவிர எங்கும் நடக்கவில்லை.

"நெஞ்சு அடைக்குதா?"

"இல்லங்க. மூச்சு அதுபாட்டுக்கு ஓடுது. நிப்பாட்ட முடியல."

எங்களுக்குப் போடிமெட்டுக்கு அருகே மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம், வீடும் அதற்குள்தான். பக்கத்துத் தோட்டக்காரரின் மருமகன் ஜீப்பு வைத்திருக்கிறான். கூப்பிட்ட ஐந்தாவது நிமிடம் வந்துவிட்டான். அவளைத் தூக்கி நடு இருக்கையில் உட்காரவைத்துப் பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

மலையிறங்கப் பதினேழு வளைவுகள். மூன்றாவது வளைவில் அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"மாமா, வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கிறீக? வளைவையா எண்றீக? நேத்தும் பதினேழு, இன்னைக்கும் பதினேழுதான்."

"மூச்ச எண்றேன் மாப்ளே."

"அவுக அப்படித்தான்," என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "கல்யாணப் பந்தியிலயே… எத்தனை இலைன்னு… எண்ணிட்டு இருந்தவுக."

அவன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வெரசா ஓட்டினான்.

அந்த வளைவுகளில் நான் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தண்ணீர் எத்தனை டம்ளர் குடித்தாள், எத்தனை முறை போனாள், என்ன சாப்பிட்டாள். ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். நான் வேதியியலில் பட்டம் வாங்கியவன். ஏலக்காய் சாம்பிள் நிறுக்கும் சிறு தராசில் தினமும் காலையில் உப்பை நிறுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு அவளிடம் கொடுப்பேன். அன்றைய சமையல் முழுவதும் அதற்குள் முடிய வேண்டும். பிறகு ஒருமுறை போனபோது புதிதாக ஒரு மாத்திரை எழுதினார்கள். காலை இரண்டு, மதியம் இரண்டு, இரவு இரண்டு. பூதக்கண்ணாடி வைத்து அட்டையைப் படித்தேன். சோடியம் பைகார்பனேட், ஐந்நூறு மில்லிகிராம். ஆறு மாத்திரை மூன்று கிராம். உப்பிலும் சோடியம், இதிலும் சோடியம். நான் தராசு வைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் இந்த வழியில் உள்ளே போகிறதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அதோடு சோடாவை நான் அறிவேன். பறித்த ஏலக்காயை உலர்த்தும் முன்பு, பச்சை நிறம் வெளுக்காமலிருக்கச் சலவை சோடாக் கரைசலில் ஊறவைப்போம். நூற்றுக்கு இரண்டு பங்கு, பத்து நிமிடம். காய் உலர்த்தும் எங்கள் ஸ்டோரில் முப்பத்தொரு பருவம் அந்தத் தொட்டியில் கைவிட்டு அரித்தெடுத்தவள் அவள்தான். உள்ளங்கை வெடித்து, சாதம் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட நாட்கள் உண்டு. கையை அரித்த பொருளை வயிற்றுக்குள்ளும் போடுவதா?

நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. "டாக்டர் போன்ல வேண்டாம்னுட்டாரு" என்று அவளிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. ஏப்பம் வந்து உசிர வாங்குது," என்றாள். தினமும் ஆறு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, ஏலக்காய் சாம்பிள் போடும் தகர டப்பாவில் போட்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை. பத்தாம் நாள் நாடா வைத்து அவள் கணுக்காலை அளந்தேன். வீக்கம் ஒரு நூல் குறைந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போடி ஆஸ்பத்திரியில் அவளை ஜீப்பிலிருந்து நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. பணியில் இருந்த பெண் டாக்டருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். சற்று நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார்.

"ஐயா, அம்மாவுக்கு ரத்தத்துல அமிலம் ரொம்பக் கூடிருச்சு. அதை வெளியேத்தத்தான் மூச்சு இப்படி ஓடுது. நுரையீரல்ல கோளாறு இல்ல."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். பி.எச். எனும் அமில அளவு ஏழு புள்ளி நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி பூஜ்யம் எட்டு. படிக்காதவனுக்கு அது சின்ன வித்தியாசமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த அளவுகோலில் புள்ளி மூன்று குறைந்தால் அமிலம் இரண்டு மடங்கு. என் மனைவியின் உடம்பில் அமிலம் இரண்டு மடங்காகி ஓடிக்கொண்டிருந்தது.

"நரம்பு வழியா சோடியம் பைகார்பனேட் ஏத்தப் போறோம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"சோடாவா? ரத்தத்துலயா?" என் குரல் உயர்ந்துவிட்டது. "நாங்க காய் ஊறவைக்கிற சாமான்ம்மா அது! கை வெந்துபோகும்."

"அது கார்பனேட். இது பைகார்பனேட். உங்க ரத்தத்துல இப்பவும் ஓடிட்டு இருக்கறதுதான். கிட்னி நல்லா இருந்தா அதுவே தயார் பண்ணும். இவங்க கிட்னியால முடியல. அதுக்காகத்தானே மாத்திரையாக் குடுக்கறது? வயித்தால போனதுல இருந்ததும் போயிருக்கு. சரி, மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டாங்கதானே?"

கார்பனேட், பைகார்பனேட். தேர்வில் இரண்டுக்கும் வேறுபாடு எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வாய் தானாகச் சொன்னது.

"சாப்பிட்டா."

"ஒரு வேளைகூட விடாம?"

"விடாம."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப இவ்வளவு இறங்கியிருக்கக் கூடாதே." பிறகு கேள்வி மேல் கேள்வி. தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்தீர்களா? நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? வலி மாத்திரை? ஒன்பது கேள்விகள். ஒன்பதுக்கும் இல்லை என்றேன். அவர் நர்ஸின் பக்கம் திரும்பி, "ஏதோ விஷம் உள்ள போயிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. அப்படின்னா டயாலிசிஸ் வேணும். ஏத்துறத ஏத்திட்டே மதுரைக்கு அனுப்பிடலாம். ஆம்புலன்ஸ் சொல்லுங்க," என்றார்.

மதுரை. குறைந்தது இரண்டு மணி நேரம். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு என்றால் நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது மூச்சு. அத்தனை மூச்சு அவளிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றேன். "மாத்திரையை நான் நிறுத்திட்டேன்."

"என்னது?"

"இருபத்தொரு நாள். நூத்தியிருபத்தாறு மாத்திரை. ஒண்ணுகூட அவ சாப்பிடல."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். "விஷம் தேட வேண்டாம். பைகார்ப் எடுங்க. ரெண்டு மணி நேரம் பாப்போம். ஏறலைன்னா மதுரை."

கையெழுத்துப் போட்டேன். ஐம்பது வருடமாக மாறாத என் கையெழுத்து அந்தத் தாளில் வேறு யாருடையதோ போல இருந்தது.

நர்ஸ் கண்ணாடிக் குப்பிகளின் கழுத்தை ஒவ்வொன்றாக உடைத்தார். நான்கு உடைந்தன. மருந்து தண்ணீர் போலத்தான் இருந்தது. அதைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து வலது கையில் இறக்கினார்கள். இடது கையில் தனியாக இன்னொரு ஊசி.

"அது என்னம்மா?"

"கால்சியம். ரெண்டையும் ஒரே குழாயில விட்டா சுண்ணாம்பாத் திரிஞ்சுரும். நீங்க படிச்சவுகதான? தெரியாதா?"

தெரியும். சோதனைக் குழாயில் அந்த வெள்ளை வண்டலை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வெடித்து வெடித்து ஆறிய அந்தக் கையில் சோடா போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் படித்த ஒன்றும் எனக்கு உதவவில்லை. சொட்டுகளை எண்ணினேன். மிக மெதுவாக விழுந்தன.

"கொஞ்சம் வெரசா விடலாம்ல?"

"நல்லாருக்கே! மாத்திரைய நிறுத்துனதும் நீங்கதான், இப்ப வெரசா விடுன்னு வெரட்டுறதும் நீங்கதான்," என்றார் நர்ஸ். "வேகமாப் போனா அது வேற வம்பு. செத்த பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்துத் தோட்டத்து மருமகன் டீ வாங்கிக் கொடுத்தான், ஆறிப்போகவிட்டேன். பதினொன்றரைக்கு முப்பத்தாறு. பன்னிரண்டுக்கு முப்பத்து மூன்று. ஒரு மணிக்கு இருபத்தெட்டு. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏழு புள்ளி இரண்டு. டாக்டர் சீட்டை என்னிடம் காட்டி, "ஏறுது," என்று மட்டும் சொன்னார். வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. அதைத் திருப்பி அனுப்பினார்கள். அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் நாள் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். முகத்தில் களை வந்திருந்தது. காலையில் நர்ஸ் ஒரு சிறு கிண்ணத்தில் மாத்திரைகள் கொண்டுவந்தார். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இதுல இந்த வெள்ளைய வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரே தாயி. இவுககிட்ட போன்ல சொன்னாரு."

நர்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டாக்டரிடம் சொன்னது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சொன்னேன். உப்புக் கணக்கு, சோடாத் தொட்டி, தகர டப்பா, கணுக்கால் அளவு, எல்லாவற்றையும். அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனைன்னு எண்ணி வச்சிருப்பீகளே."

"நூத்தியிருபத்தாறு."

"ம்." கிண்ணத்தை எடுத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். "வீட்டுக்குப் போனதும் அந்த டப்பாவ எங்கிட்டக் கொண்டாங்க. இனிமே நானே எண்ணிக்கிறேன்."

கொண்டுவந்து கொடுத்தேன். நமுத்துப்போயிருந்த பழைய மாத்திரைகளை அவளே கொட்டிவிட்டு, டப்பாவைத் துடைத்துப் புதிய அட்டைகளை வைத்துக்கொண்டாள். அது இப்போது அவள் தலைமாட்டில் இருக்கிறது. நான் தொடுவதில்லை. உப்புத் தராசையும் எடுத்து வைத்துவிட்டாள். டாக்டர் சொன்ன ஒரு சிறு கரண்டிதான் அளவு. ஆறு மாத்திரை சாப்பிட வேண்டிய இடத்தில் சில நாள் ஐந்துதான் சாப்பிட்டிருப்பாளோ என்று எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். கேட்க வாய் வராது.

மூச்சு எண்ணுவதை மட்டும் விட முடியவில்லை. நேற்று மதியம் அவள் தூங்குகிறாள் என்று நினைத்து நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்டேன். நொடி முள் ஒரு சுற்று முடிந்ததும், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எத்தனை?"

"பதினெட்டு."

"பதினாறுன்னுல்ல முன்ன சொல்லுவீக?"

"முன்ன பதினாறுதான்."

அவள் புரண்டு சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டாள். நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.