ஆஸ்பத்திரிக் கூரை

ஊரில், எங்கள் நாட்டில், போர் முடிந்த கோடையில், ரொறன்ரோவில் பழைய போர் விமானமொன்றில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள். என் பக்கத்து இருக்கையில் நரைத்த தாடியோடு ஸ்காபரோவில் குடியிருக்கும் எங்கள் நாட்டு அண்ணை ஒருவர். எல்லாரும் ஏரியைப் படமெடுக்க, அவர் மட்டும் கண்ணாடியில் நெற்றியை அழுத்தி, நகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவா இருக்கோ அண்ணை?" என்றேன்.

"வடிவு பாக்கவோ நான் வந்தனான்?" என்று சீறினார். "அங்கை பாரும், ஆஸ்பத்திரி. கூரையிலை போட்ட எழுத்துக்கூடத் தெரியுது. நாங்களும் எங்கடை ஆஸ்பத்திரிக் கூரையிலை பெரிய சிவப்புச் சிலுவை கீறினனாங்கள். விமானப்படைக்காரர் குண்டைப் போட்டுட்டு, மேலையிருந்து தெரியேல்லை எண்டு சொன்னவங்கள்."

இறங்கியதும் விமானி சிரித்தபடி கை நீட்டினார். அண்ணை திரும்பியும் பாராமல் நடந்தார். விமானி எந்தப் பாவமும் அறியாதவர். ஆனாலும் நீட்டப்போன கையை நான் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.