கிண்ணியாக் களப்பில் கரண்டிவாயன்

காலை ஏழு மணி. கிண்ணியாக் களப்பின் கரையில், கண்டல் பற்றைக்குள் எங்கள் பறவைக் கழகம் பச்சைச் சட்டையோடு பதுங்கியிருக்கிறது. கரண்டி போலச் சொண்டுள்ள கரண்டிவாயனைக் கழகத்தில் இன்னும் காணாத ஒரே ஆள் நான். மூன்று மாரியாகத் தேடுகிறேன். இன்று ஏழு நிற்பதாகத் தலைவி ரீச்சர் சொல்கிறா. நான் தொலைநோக்கியைத் தூக்குவதற்குள் ஏழும் எழும்பிவிடுகின்றன.

"ஆடாதேங்கோ எண்டு சொன்னனானெல்லே!" ரீச்சர் என்மேல் பாய்கிறா.

நான் மூச்சுக்கூட விடவில்லை.

பறந்தவை போய் இறங்குவது, முழங்கால் தண்ணீரில் பாட்டுப் பாடிக்கொண்டு இறால் வலை இழுக்கும் ஒரு சிவப்புச் சட்டைக்காரருக்குப் பக்கத்தில். எனக்குப் பொறுக்கவில்லை. கரையைச் சுற்றிப் போய், இந்த ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்கிறேன்.

"காக்கா, உங்களுக்கு மட்டும் இதுகள் ஏன் பயப்படவில்லை?"

"ஒளிச்சி நிண்டு பாக்கிற ஆளத்தான் அதுகள் நம்பாது, சேர். வேல செய்றவனுக்கு அதுகள் என்னத்துக்குப் பயப்படும்? வாங்க, மத்தப் பக்கத்தப் புடிங்க."

பச்சைச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி இழுக்கிறேன். இரண்டு தரம் சேற்றில் குப்புற விழுகிறேன். காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்தால், நாலடி தள்ளி ஒரு கரண்டிவாயன். கரண்டியை இடமும் வலமும் ஆட்டி, நாங்கள் கலக்கிய சேற்றில் இரை துழாவுகிறது. என்னை அது ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

கரையேறி, சேறு சொட்டச் சொட்ட ஓடி வந்து, ரீச்சரின் குறிப்பேட்டை எட்டிப் பார்க்கிறேன்.

"கரண்டிவாயன் ஏழு. அருகில் மீனவர் இருவர். ஒருவருக்குத் தொழில் தெரியாது."